திவாலானவரின் மைக் செட்

திவாலானவர்கள் ஊரை விட்டு ஓடுவார்கள், அல்லது போனை அணைத்துவிட்டு மாமனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். தான் திவாலானதை ஆட்டோவில் மைக் கட்டி, செந்துறையிலிருந்து அரியலூர் வரை அறிவித்துக்கொண்டே வந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் ஹலோ அண்ணன்.

மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். சோறு கேட்பதானாலும் இரண்டு ஹலோ சொல்லாமல் பேச்சு வராது என்பதால் அந்தப் பெயர். கொரோனாவுக்குச் சற்று முன்பு ஊரெல்லாம் கடன் வாங்கி ஜெனரேட்டர், சீரியல் லைட், ஆளுயர ஸ்பீக்கர் என்று வாங்கிக் குவித்தார். திருவிழாக்கள் நின்றன, வட்டி நிற்கவில்லை. கடைசியில் கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டு, எல்லோருக்கும் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். பிளெக்ஸ் அடித்துக் கொடுத்த பாக்கி.

கொதித்துப்போய் ஆட்டோவை மறித்தேன்.

"என்னண்ணே இது அசிங்கம்?"

"ஹலோ, ஹலோ... எல்லாருக்கும் தகவல் தெரியணும்ல தம்பி? நாளைக்கு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையேன்னு வருத்தப்படக்கூடாது பாரு."

திவாலானவனுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு என்று வக்கீல் சொல்லித் தொலைத்திருந்தார். அன்றிலிருந்து அண்ணனின் நடையே மாறிவிட்டது. சொத்தை விற்று எங்களுக்குப் பங்கு பிரிக்க கோர்ட் நியமித்த ரிசீவர் கணக்கெடுக்க வந்தபோது, வாசலில் பந்தல் போட்டு, மாப்பிள்ளை வீட்டாரைப்போல் வரவேற்றார்.

"சமைக்கிற பாத்திரம், படுக்கிற பாய், சம்சாரத்தோட தாலி, இத மட்டும் தொடக்கூடாதுங்க சார். மத்ததெல்லாம் தாராளமா எழுதிக்குங்க. அந்த ஜெனரேட்டருக்கு வெலயக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. கடனெல்லாம் அடைஞ்சி மிச்சம் இருந்தா அது எனக்குத்தான, காப்பி சாப்புடுறீங்களா?"

மிச்சமாம்! எங்களுக்குப் பாதிகூடத் தேறாது என்று நாங்கள் வயிறெரிந்து நின்றோம்.

சிக்கல் அவருடைய பழைய செட்டில் வந்தது. ஒரு ஆம்பிளிபயர், ஒரு மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர். தொழில் கருவி, அதைத் தனக்கு விடவேண்டும் என்றார் அண்ணன். அது போனால் அவருக்குப் பிழைப்பே இல்லை. நிறையக் கடன் கொடுத்திருந்த பைனான்ஸ்காரர் விடுவதாக இல்லை. ரிசீவர் எங்கள் எல்லோரையும் ஆபீசுக்கு வரவழைத்தார்.

"தொழில் இருந்தாத்தான சார் தொழில் கருவி?" என்றார் பைனான்ஸ்காரர். "மஞ்ச நோட்டீஸ் குடுத்த ஆள எவன் விசேஷத்துக்குக் கூப்புடுவான்?"

ரிசீவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கூப்புடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தார். ஹலோகூட வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்ன பிசாசு பிடித்ததோ, எழுந்துவிட்டேன்.

"எங்க வூட்டு விசேஷத்துக்கு அண்ணந்தாங்க மைக் செட்டு."

"என்ன விசேஷம்?"

என் வீட்டில் கல்யாணத்துக்கும் ஆளில்லை, காது குத்தவும் பிள்ளையில்லை. கொல்லையில் புதிதாகக் கட்டிய பாத்ரூம்தான் நினைவுக்கு வந்தது.

"புதுசா ஒரு கட்டடம் கட்டிருக்கோம் சார். திறப்பு விழா."

செட் தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அண்ணன் எங்கள் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டார். விக்கிரமங்கலத்திலிருந்து என் மச்சான் மொய்க் கவரோடு வந்து நின்றான்.

"ஹலோ, ஹலோ... இந்தப் புத்தம் புதிய கட்டடத்தை, உரிமையாளரின் துணைவியார் அவர்கள் இன்னும் சற்று நேரத்தில் குளித்துத் தொடங்கி வைப்பார்கள்!"

துணைவியார் அதன்பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை.

வாடகையைப் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்.

"அதெப்படி தம்பி? பழைய கடன ரிசீவர்தான் எல்லாருக்கும் அளவாப் பிரிச்சுக் குடுக்கணும். ஒனக்கு மட்டும் தனியாக் கழிச்சா மத்தவங்களுக்குத் துரோகம். வாடகைய எடு."

எனக்குப் பணம் தரவேண்டிய மனிதருக்கு என் பர்சிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தேன். டீக்காசு தனியாகக் கேட்டார். அதையும் கொடுத்தேன்.

ஏலம் முடிந்து என் பங்காக வந்தது கொஞ்சம்தான். மீதி வராது. வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் முந்தாநாள் மீன்சுருட்டி வழியாகப் பஸ்ஸில் போகும்போது, ஒரு கல்யாண வீட்டு வாசலில் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏணியில் ஏறுவதைப் பார்த்தேன். என்னையும் அறியாமல் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"பாத்து ஏறுங்கண்ணே!"