சுவரில் ஒட்டிய இரண்டு தீவுகள்

வீட்டில் ஒருவன் மட்டும் படித்திருந்தால் அவன் சொல்வதையெல்லாம் வீடு நம்பிவிடும். அதைவிட ஆபத்து, அவனும் நம்பிவிடுவான்.

நான் புதுக்கோட்டையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரண்ட் பில்லில் இருந்து பூச்சிமருந்து டப்பா வரை எழுத்து உள்ள எதுவும் என் கைக்குத்தான் வரும். (பூச்சிமருந்தைப் படித்துச் சொன்னதில் பக்கத்து வீட்டுக் கத்தரிச்செடிகள் மொத்தமாகப் படுத்தது வேறு கதை.)

அந்தச் சமயத்தில் தரகர் அக்காவுக்கு இரண்டு ஜாதகங்கள் கொண்டுவந்தார். ஒருவர் மாலத்தீவில் ஓட்டல் சமையல்காரர், பெயர் குமரேசன், அறந்தாங்கிக்காரர். இன்னொருவர் செஷல்ஸில் கட்டட வேலை பார்ப்பவர். இரண்டு ஜாதகமும் பொருந்தின.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "ரெண்டுமே தீவாம்லடா. எது நல்ல நாடு?"

எந்தப் பையன் நல்ல பையன் என்று அவர் கேட்டிருக்கலாம். நானாவது அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் அந்த வாரம்தான் தலா வருமானம் என்ற பாடத்தை முடித்திருந்தேன். ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை அங்குள்ள தலைகளால் வகுப்பது. ஓட்டல் முதலாளியின் பணத்தையும் அவருடைய ஓட்டலில் பாத்திரம் கழுவுபவரின் பணத்தையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறி, ஆளுக்கு ஒரு கரண்டி என்று கணக்குச் சொல்வது. அந்தக் கரண்டி யார் இலையிலும் விழுவதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சார்ட் பேப்பர் வாங்கினேன். மாலத்தீவுக்கு நீலத்தில் குட்டையாக ஒரு கட்டம், செஷல்ஸுக்குச் சிவப்பில் உயரமாக ஒரு கட்டம். அப்பாவுக்குக் காட்டுவதற்காகக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குமரேசன் வீட்டார் பெண் பார்க்க வரும் முன் அம்மா அதைக் கழற்றப் போனபோது தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும் விடு. நம்ம வீட்லயும் ஒரு படிச்ச ஆளு இருக்குன்னு வர்றவங்க பாக்கட்டும்."

வந்தார்கள். லீவில் ஊருக்கு வந்திருந்த குமரேசன் கூச்சப்பட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா காப்பி கொடுத்தாள்.

"காப்பி நல்லாருக்குங்க" என்றார்.

"அம்மா போட்டது" என்று அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் மட்டும் கொஞ்சம் தாமதமாக, ஒன்றாகச் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். குமரேசனின் தாய்மாமா சுவரைப் பார்த்தார். "இது என்ன தம்பி, காலேஜு பாடமா?"

"சொல்லுடா, வெவரமாச் சொல்லு" என்றார் அப்பா.

நான் எழுந்து நின்றேன். (யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஸ்கேலை வேறு கையில் எடுத்துக்கொண்டேன்.) தலா வருமானம் என்றால் என்ன, அதை ஏன் அமெரிக்க டாலரில் சொல்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

குமரேசனின் அம்மா கேட்டார். "அப்ப எம்புள்ள இருக்குற ஊருதான் குட்டையா?"

"ஆமாங்கத்தை."

"அந்த ஒசரமா இருக்குறதுல ஒங்களுக்கு யாரு இருக்கா?"

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எழுதித்தான் நான் கல்லூரி வரைக்கும் வந்திருந்தேன். "அங்கிட்டும் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை இருக்காருங்க" என்றேன்.

தாய்மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "ஆட்டுச் சந்தையிலகூட துண்டுக்குள்ள கைய விட்டுத்தாங்க வெல பேசுவாங்க. நீங்க செவுத்துலயே ஒட்டிட்டீங்க. வா ஆத்தா, போவோம்."

அப்பா வாசல் வரை கையைப் பிசைந்துகொண்டே போனார். குமரேசன் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி" என்றார். அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செஷல்ஸ்காரர் வீட்டுக்கும் சேதி போய்விட்டது. தரகர் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. தெரிந்தவர்கள் மூலம் அவ்வப்போது வந்த ஜாதகங்களும் ஏதாவது ஒரு காரணத்தில் நின்றன.

அக்கா என்னைத் திட்டியதே இல்லை. குமரேசனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று, துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏன்டா, அந்தக் குட்டைக் கட்டத்துல ரெண்டு பேரு இருக்க முடியாதா?"

நான் எம்.ஏ.வும் முடித்தவன். அவள் மடித்த துணிகளை வாங்கி அலமாரியில் அடுக்கினேன்.

இப்போது அது வீட்டில் கேலியாகிவிட்டது. சந்தையில் இரண்டு பூசணிக்காயில் எதை எடுப்பது என்று அம்மா யோசித்தால் போதும். "தம்பியக் கேளு, தலைக்கு எவ்ளோன்னு சொல்லுவான்" என்பாள் அக்கா. முதலில் சிரிப்பதும் அவள்தான்.

போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அக்காவுக்கு முடியட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள்தான் கேட்கவில்லை. என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கூட வந்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள் என்று அவளே வீட்டில் இருந்துகொண்டாள்.

பெண் வீட்டில் நன்றாகப் பேசினார்கள். பெண்ணின் அப்பா என் வேலையை விசாரித்தார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார். ஓர் அக்கா என்றேன்.

"அப்படியா, சந்தோசம். எந்த ஊருல கட்டிக் குடுத்துருக்கீங்க?"

அப்பா வழக்கம்போல என்னைப் பார்த்தார்.