பறவை வழியில் போன மாப்பிள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். என் மனைவி எஸ்தர், கர்த்தருடைய கிருபையால், நல்ல சுகத்தோடும் கணீரென்ற குரலோடும் இருக்கிறாள் என்பதுதான் காரணம்.

சீமையில் மனுஷர் ஆகாயத்தில் பறக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் வரத் தொடங்கிய காலம். நான் படித்தது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தை இரவல் வாங்கி, அதன்மேல் நூலைப் பிடித்து, வள்ளியூரிலிருந்து சென்னப்பட்டணத்துக்குப் பறந்தால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று எதிர்ப்பட்டவர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். (ஒருவரும் கேட்கவில்லை.)

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு திசையன்விளைக்குக் கிழக்கே. நூலைப் பிடித்துப் பார்த்தேன். ரோடு சுற்றி வளைத்துப் போகிறது. பறக்கிற தூரமோ அதில் பாதி. ஆகவே நேரமும் பாதி. "நீங்க எல்லாரும் விடியக்காலம் ரோட்டுல போங்க. நான் பைய கெளம்பி, முன்னால போய் நின்னு உங்கள வரவேற்கேன்" என்று வீட்டாரை அனுப்பிவிட்டேன்.

வண்டிக்கார மாடசாமி அண்ணாச்சி மட்டும் தயங்கினார்.

"நடுவுல தேரி கெடக்கு வே. பூராவும் செம்மணல். சக்கரம் புதையும்."

"பறவைக்கு அதுதான அண்ணாச்சி நேர்வழி?"

"பறவை வண்டியா இழுக்குது?"

படத்தில் தேரி இல்லை என்று காட்டி அவர் வாயை அடைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வண்டி அச்சுவரை மணலில் இறங்கியது. கல்யாணக் கோட்டோடு நான் பின்னால் தள்ள, காளைகள் இரண்டும் படுத்துக்கொண்டன. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், விவாகம் நடத்தக் கூடாது, அது சட்டம். மறுநாள் லெந்து என்ற தபசுகாலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணமே கிடையாது. பெண் வீட்டில் அதுவரை பொறுப்பார்களா?

மாடசாமி அண்ணாச்சி மாட்டை அவிழ்த்தார். "இனி நீரு பறந்துக்கிடும் வே."

உடைமரத்து முள்ளில் ஜெபித்துக்கொண்டே நடந்தேன். கோயிலுக்குள் நுழைந்தபோது விளக்கேற்றியிருந்தது. அப்பா என்னைப் பார்த்துவிட்டு, யாரோ அந்நியன் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணப்பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இவரா? கெணறு வெட்டுத ஆளுன்னுல்லா நெனச்சேன்" என்றது என் காதில் விழுந்தது.

ஐயர் கையில் கடிகாரம். "ஏழு அடிக்கப் போவுது வே. நான் சொல்லச் சொல்ல வேகமா சொல்லும்" என்று மணமக்கள் சொல்லவேண்டிய வாக்குறுதிகளை ரயில் வேகத்தில் வாசித்தார். தாலி ஏறியதும் மணி அடித்தது. ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

ஒரு வாரம் கழித்து ஏதோ காரியத்தில், "நான் சொன்னபடி செய்" என்று எஸ்தரிடம் அதட்டினேன்.

"கோயில்ல நேசிப்பேன்னு சொன்னேன், பேணுவேன்னு சொன்னேன். கீழ்ப்படிவேன்னு நான் சொல்லல. ஐயர் அத வாசிக்கவே இல்ல" என்றாள்.

ஐயரிடம் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்தார். "அவசரத்துல விட்டுப்போச்சு வே. கல்யாணம் செல்லும். அது மட்டும் இனி உம்ம பாடு."

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும், முந்தின நாளே பெண்டுகள் ஐயரிடம் போய், "கொஞ்சம் வேகமா வாசிங்க ஐயரே" என்று சொல்லிவைக்கிறார்கள்.

படிக்கிறவர்கள் பிறருக்குச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நான் கோயிலுக்குள் தவழ்ந்து வந்ததாக எஸ்தர் சொல்லுவாள். நடந்துதான் வந்தேன்.