தாம்பூலப் பையில் என் ஆராய்ச்சி

படித்தவர்களை நம்பிக் கல்யாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், எங்கள் வீட்டில் அந்தப் படித்தவள் நான்தான்.

மக்கிப்போகும் பிளாஸ்டிக்கை வைக்கோலால் வலுவாக்குவது என் ஆராய்ச்சி. மரவள்ளி மாவில் செய்த பை லேசில் கிழியும். வைக்கோலிலிருந்து கண்ணுக்கே தெரியாத நாரைப் பிரித்து அதில் கலந்தால் கிழியாது. அதற்கு நானோ நார் என்று பெயர். "மாட்டுக்குப் போடுற வைக்கலுக்கு எதுக்கும்மா இத்தன வருசப் படிப்பு?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ரோஷத்தில், அக்கா கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை என் பொறுப்பு என்று ஜம்பம் அடித்தேன். (வாய் சும்மா இருந்தால்தானே!)

அக்கா மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். "மாப்ள வீட்ல எல்லாத்தையும் உத்துப் பாப்பாங்கடி. எதாச்சும் ஆச்சுன்னா ஆயுசுக்கும் பேச்சு வாங்கப் போறது நான்தான்."

"செங்கல்லையே தாங்குது, தேங்கா எம்மாத்திரம்?" என்றேன். ஆய்வகத்தில் உண்மையாகவே செங்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தேன். காய்ந்த செங்கல்.

கல்யாணத்தன்று வெற்றிலை வாடிவிடுமென்று சித்தி தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பையில் வைத்தார். எங்கள் பக்கம் வெற்றிலையை யாரும் காயவிட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், என் ஆராய்ச்சிக்குத்தான் தெரியவில்லை. ஈரம் பட்டால் மாவும் இளகும், நாரும் இளகும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பையை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தார். பை கூழாகி, அதன் காது மட்டும் அவர் கையில் நின்றது. பேராவூரணித் தேங்காய் நேராகக் கால் கட்டைவிரலில் இறங்கியது. பின்னால் வந்தவர்களுக்கும் அதே கதி. மண்டப வாசலில் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டதுபோல் ஆகிவிட்டது. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இந்தப் பைய யாருங்க செஞ்சது?" என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நின்று கத்தினார்.

விஞ்ஞானமாக விளக்கினால் தப்பிக்கலாம் என்று என் ஒல்லிக்குச்சி உடம்போடு முன்னால் போய், "நானோ..." என்று தொடங்கினேன்.

"நீயோ நானோன்னு இழுக்காதம்மா! யாருன்னு சொல்லு!"

"நானோ வைக்கோல்ங்க..."

"அது ஒன்னப் பாத்தாலே தெரியுது!"

மண்டபமே சிரித்தது. என்ன சொன்னோம் என்பது பிறகுதான் புரிந்து பெரியப்பாவும் சிரித்தார். மாலையும் கழுத்துமாக அக்கா குலுங்கிச் சிரித்ததைப் பார்த்த பிறகே எனக்கு உயிர் வந்தது.

இன்று அக்கா வீட்டில் டம்ளர் உடைந்தாலும் பால் பொங்கி வழிந்தாலும், "யாரு வேல இது?" என்றால் பெரியப்பா உட்பட எல்லோரும் சொல்லும் பதில் "நானோ!" போன வாரம் அக்கா மகள் அடுத்த வீட்டுக்காரரின் பூந்தொட்டியை உடைத்துவிட்டு, அவர் கேட்டதற்கு அதையே சொல்லியிருக்கிறாள். விஷயம் தெரியாத அந்த மனிதர் பாவம், "ஒனக்கே சந்தேகமா பாப்பா?" என்று கேட்டாராம்.