காதுபொத்தி கம்பவுண்டர்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மருந்து கொடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பிரசங்கத்தைச் சோறாகப் போட்டு, மருந்தைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தவர் மார்த்தாண்டம் காதுபொத்தி கம்பவுண்டர் ஒருவர்தான்.

பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. சந்தைக்குப் பின்னால் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு யார் போனாலும் பெல்லடோனா என்ற செடியிலிருந்து இறக்கிய சொட்டு மருந்தை எடுப்பார். ஆனால் கொடுத்துவிட மாட்டார். அது எப்படி வேலை செய்கிறதென்று நோயாளிக்கு முதலில் புரிந்தாக வேண்டும்.

"நரம்பு கெடந்து வெரட்டும், 'முறுக்கு, முறுக்கு'ன்னு. குடலு சொன்னபடி கேட்டு முறுக்கும். அதான் வலி. இந்த மருந்து குடலுக்க காதைப் பொத்தும். நரம்பு தொண்டை கிழியக் கத்தட்டு! கேட்டாத்தானே முறுக்கும்?"

"அய்யோ, சாவப்போறேன், மருந்தைத் தாரும் வேய்!"

"பொறும். மூத்திரப்பையும் குடலுக்க கூடப்பெறந்ததுதான்..."

அடிக்கடி ஒதுங்க ஓடுகிறவர்களுக்கும் அதே மருந்து, அதே பிரசங்கம். சொல்லும்போது இரண்டு கையாலும் நோயாளியின் காதை இறுக்கப் பொத்திக் காட்டுவார். அப்படி வந்த பெயர். பாதிப் பேருக்கு மருந்து உள்ளே போகுமுன்பே, அவர்மேல் வந்த எரிச்சலில் வலி மறந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டைக்காட்டு உறவுக்காரர்கள் வருக்கச் சக்கை, நல்ல பலாப்பழம், கொண்டுவந்தார்கள். முக்கால்வாசியை நானே தீர்த்தேன். விடிந்ததும் குடல் கயிறு திரித்தது. கல்யாணக் கோட்டோடு கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"சாரே, இந்த மருந்துக்கு ஆளு தெரியாது. குடலுக்க காதை மட்டும் பொத்துன்னா கேக்காது, கண்ட காதையெல்லாம் பொத்தும். எச்சில் ஊறாது, வாய் ஒணங்கும். முழி விரியும், கிட்டத்தில உள்ளது மங்கும். மூத்திரம் வர மடிக்கும், லேசில எறங்காது. பயப்படப்பிடாது."

வலி போய்விட்டது. ஆலயத்தில் மணப்பெண் கிரேஸின் பக்கத்தில் ராஜா மாதிரி நின்றேன். "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்றார் போதகர்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது. போதகர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் காற்று.

"மாப்பிளைக்க முழியப் பாரு! கயித்த அறுத்துட்டு ஓடப்போற மாட்டுக்க முழி!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. கிரேஸின் தலை கவிழ்ந்தது. அவளுடைய அப்பா எழுந்து மேல்துண்டை உதறித் தலையில் கட்டினார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கூக்குரல்.

"போதகரே! சாருக்கு மனசில்லாம இல்ல, எச்சில் இல்லாம!"

கூஜாவோடு கம்பவுண்டர் ஓடிவந்தார். நான் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் சபையைப் பார்த்துத் திரும்பினார். நரம்பு, குடல், மூத்திரப்பை ஒன்றையும் விடவில்லை. பேச்சு வேகத்தில், திகைத்து நின்ற போதகரின் காதுகளையே இரண்டு கையாலும் பொத்திவிட்டார்.

முக்காட்டுக்குள்ளிருந்து 'களுக்' என்று ஒரு சத்தம். கிரேஸ் சிரித்தாள். அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "ஆம்!" என்று கூரை அதிரக் கத்தினேன். மாமனார் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் என் வீட்டில் விருந்து. அத்தனை சம்பந்திகள் நடுவில் வந்து நின்றார் கம்பவுண்டர். "சாரே, மூத்திரம் போச்சா?"

போகவில்லை. இல்லையென்று தலையாட்டினேன். அவர் முகம் வாடியது. கொல்லைப்புறத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "மருந்து குடுத்தது நான். ஒமக்கு எறங்காம எனக்குச் சோறு எறங்காது" என்றார். பந்தி பந்தியாக ஆட்கள் எழுந்து போனார்கள். அவர் அசையவில்லை. என்னை வரச்சொல்லி அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார், வெந்நீர் கொடுப்பார், மறுபடியும் உட்காருவார்.

கடைசியில் ஒருவழியாகப் போனது. "ஸ்தோத்திரம்!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

பந்தல் காலியாகிவிட்டிருந்தது. கிரேஸ் கல்யாணப் புடவையோடு வந்து அவருக்கு இலை போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா அண்ணாச்சி?"

வாய் ஓயாத மனிதர், இலையை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எங்கள் வீட்டில் கிரேஸ் முதன்முதலாகப் பரிமாறிய இலை என்னுடையது அல்ல. அது சரியான ஆளுக்குத்தான் போனது.