கொடியில் ஏறிய பேண்ட்

சந்தில் துணி காயப்போடுவது சிசிலித் தீவில் எங்கள் ஊரின் தொன்மையான பண்பாடு என்று நகராட்சி ஒருநாள் கண்டுபிடித்தது. அதுவரை நாங்கள் ஈரமாக இருக்கிறதே என்றுதான் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். முந்தைய மேயர் இதையே ஊருக்கு அசிங்கம் என்று தடை செய்திருந்தார். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து படம் பிடிக்க ஆரம்பித்ததும் அந்த அசிங்கத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. காட்சிப் பாதுகாப்பு அலுவலகம் திறந்தார்கள். லொமோந்தே என்பவரை அதிகாரியாகப் போட்டார்கள். கொடியில் ஏறிய துணி சாயங்காலம் வரை இறங்கக்கூடாது, தொட்டால் அபராதம் என்பது அவருடைய முதல் உத்தரவு.

நுன்சியாத்தா என்ற நான் வாடகைக்கு விடும் மாடி அறையில் போன மாதம் மிலான் தம்பதி ஒன்று தங்கியது. எர்மானோ, ஒஃபேலியா. தெற்கே ஒவ்வொரு பழைய நகரமாகப் பார்த்துக்கொண்டு மால்டாவுக்குப் போகிறவர்கள். ஆளுக்கொரு தோள்பைதான் மூட்டை. இப்போது அதுதான் நாகரிகமாம். எர்மானோவிடம் இருந்தது ஒரே ஒரு காக்கி பேண்ட். ராத்திரிச் சாப்பாட்டில் கணவாய் மீனின் கறுப்பு மை ஊற்றிய பாஸ்தாவை அதிலே கவிழ்த்துக்கொண்டார். காலையில் ஒஃபேலியா அதை அலசி, ஜன்னலுக்கு வெளியே கொடியில் போட்டுவிட்டாள். மதியம் கப்பல்.

வெயிலில் பேண்ட் காய்ந்தது. எடுக்கக் கை நீட்டினாள். கீழேயிருந்து விசில் சத்தம்.

"அம்மா! கையை எடுங்க!" லொமோந்தே நின்றுகொண்டிருந்தார்.

"அது என் பேண்ட்டு சார்!" இடுப்பில் துண்டோடு எட்டிப் பார்த்தார் எர்மானோ.

"காலைல வரைக்கும் உங்க பேண்ட்டு. இப்ப அது காட்சி. அந்த மஞ்சச் சுவருக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க!"

"மதியம் எங்களுக்குக் கப்பல் இருக்கு சார்!"

"தாராளமாப் போங்க. பேண்ட் இங்கயே இருக்கட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், காத்துல பறந்து விழுந்தா?"

"அது இயற்கைச் சேதம் நுன்சியாத்தா. அலுவலகம் தலையிடாது."

அவ்வளவுதான். எதிர்வீட்டு ஜன்னலில் ஒருத்தி முறத்தால் விசிறினாள். என் வீட்டுக்காரர் மின்விசிறியைத் தூக்கி வந்தார். பேண்ட் கொஞ்சம் ஆடியது, இறங்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் முதல் சங்கு ஊதியது. எர்மானோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரே பேண்ட்டு போதும்னு சொன்னியே, மகராசி!"

"உன்னை யாரு அதுல சாப்பாடு போடச் சொன்னா?" என்றவள் சட்டென்று குனிந்து கேட்டாள்: "சார், அதே நிறத்துல வேற பேண்ட் மாட்டினா?"

"விதியில இடமிருக்கு. மாற்றுப் பொருள் கிடைச்சா அதிகாரி உடனே அனுமதிச்சாகணும்."

சந்தே லொமோந்தேயின் இடுப்புக்குக் கீழே பார்த்தது. அரசாங்கச் சீருடை. அசல் காக்கி.

சும்மா சொல்லக்கூடாது, லொமோந்தே விதிக்குக் கட்டுப்பட்ட மனுஷன். முகம் சிவக்க, "விதி விதிதான்" என்று முனகியபடி என் வீட்டுக்குள் வந்து கழற்றிக் கொடுத்தார். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. தம்பதி கப்பலைப் பிடித்துவிட்டார்கள். சந்தே கைதட்டியது, நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

பாவம், சாயங்காலம் வரை அவர் சீருடைக்கு விடுதலை இல்லை. கோடு போட்ட டிராயரோடு என் ஜன்னலில் உட்கார்ந்து காபி குடித்தார். சந்துக்கு வந்த சுற்றுலாக் கூட்டம் துணியை விட்டுவிட்டு அவரைப் படம் பிடித்தது. "இதுதான் நிஜமான தெற்கத்தி வாழ்க்கை!" என்று ஒருத்தி உருகினாள்.

மறுவாரமே புது உத்தரவு வந்தது. இந்தச் சந்தில் வீட்டுக்கு ஒரு ஆம்பளை, காலை முதல் சாயங்காலம் வரை டிராயரோடு ஜன்னலில் காட்சி தரவேண்டும்.

என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நானும் இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. "மாதா கோயில் பூசைக்கு நேரமாச்சு, பேண்ட்டைப் போடுய்யா" என்றேன்.

மனுஷன் அசையவில்லை. "என்னைத் தொட்டா உனக்கு அபராதம்டீ" என்கிறார்.