தொண்டைச் சாமியாரும் ஒரு துண்டுச் சவுக்காரமும்

சுனாமி செட்டிபாளையத்தில் வீடுகளைக் கொண்டுபோனது. போகிற போக்கில் ஒரு சாமியாரைக் கரையில் போட்டுவிட்டுப் போனது. தொண்டைச் சாமியார் என்று பெயர். கடலில் செத்தவர்களின் ஆவி, உயிரோடிருப்பவர்களின் தொண்டையில் வந்து குந்திவிடுமாம். சாமியார் வேப்பிலைக் கட்டால் வாயைத் தடவினால், ஆவி தின்ற சாமான் வெளியே விழுமாம். பாவம், ஆவிக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

வாவிக்கரைத் தகரக் கொட்டிலில் கூட்டமோ கூட்டம். மட்டக்களப்பிலிருந்து ஓட்டோ, வவுணதீவிலிருந்து சைக்கிள். வந்தவர்களைச் சாமியார் வகை பிரித்தார். சட்டி ஓடு கடிக்கும் கர்ப்பிணிக்கு மண் முனி. பச்சையரிசி மெல்லும் குமர்ப்பெண்ணுக்கு அரிசிப் பிசாசு. விழுங்கிய சோற்றை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறவனுக்கு மாட்டுப் பேய். மண் முனிக்காரியின் வாயிலிருந்து மண் விழுந்தது. அரிசிப் பிசாசுக்காரியின் வாயிலிருந்து அரிசி விழுந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்னப்பூரணியும் போட்டுக்கொண்டாள். ஊருக்கே சோறு போடுகிற பெயர் அவளுக்கு. பெற்ற மகளுக்கு ஒரு கவளம் ஊட்ட முடியவில்லை. மகள் மேனுகாவுக்கு ஒன்பது வயது. அலை இழுத்தபோது தொண்டை நிறைய உப்புத் தண்ணீரும் மணலுமாக, தென்னையில் தட்டிப் பிழைத்தவள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாயில் வைத்ததும் கண் பிதுங்கும், துப்பிவிடுவாள்.

சாமியார் தடவியதும் கடற்பாசி விழுந்தது.

"கடல் பேய்," என்றார். "சாப்பாடு குடுத்தா பேய்தான் கொழுக்கும். நான் மந்திரிச்ச தண்ணியை மட்டும் குடு. பட்டினி கிடந்தா அது எழும்பி ஓடும்."

பேய் ஓடவில்லை. பிள்ளையின் சதைதான் ஓடியது. சட்டை தோளில் நிற்காமல் வழுகத் தொடங்கியதும் அன்னப்பூரணி மகளைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு, டொக்டர் நிலானியிடம் ஓடினாள்.

டொக்டர் பிள்ளையோடு நெடுநேரம் கதைத்தார். பிறகு தாயைக் கூப்பிட்டார்.

"இவவுக்குச் சாப்பாட்டில வெறுப்பில்ல, மெலியிற ஆசையும் இல்ல. விழுங்கினா மூச்சடைக்கும் எண்ட பயம். இதுவும் ஒரு வருத்தம்தான், பேயில்ல, நோய்."

"சாமியாரிட்ட மண் தின்னுற ஆக்களும் வாறாங்களே, டொக்டர்?"

"அது வேற வருத்தம். அவங்களுக்கு முதல்ல இரத்தம் சோதிக்கோணும். எல்லாத்தையும் ஒரே சாக்கில போட்டுக் கட்டேலாது. நீங்க கஞ்சியைக் கரண்டி கரண்டியாத் தொடங்குங்க. இன்னும் பட்டினி போட்டா பிள்ளை தப்பாது."

ஒருவர் கொடுக்காதே என்கிறார், மற்றவர் கொடு என்கிறார். யாரை நம்புவது? பஸ்ஸில் வரும்போது அன்னப்பூரணி யோசித்தாள். சாமியாரிடம் அவள் மகளின் கதையைச் சொல்லவே இல்லை. ஆனால் வரிசையில் பிளேன்ரீ ஊற்றிய சீதேவிப்பிள்ளையிடம் கடல் தண்ணீர்க் கதை முழுவதையும் கொட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மகளோடு மறுபடி வரிசையில் நின்றாள்.

"கிறுகி வந்திட்டியா கா? புள்ளைக்கு எப்படி?" என்று சீதேவிப்பிள்ளை தேத்தண்ணீரை நீட்டினாள்.

"கடல் பேய் போயிட்டுது மாமி. இப்ப வேற கரச்சல். சவுக்காரம் தின்னுறாள்."

"சவுக்காரமோ?"

"ஓம். கட்டி கட்டியா."

சீதேவிப்பிள்ளைக்குக் கேத்தல் திடீரென்று கனத்துவிட்டது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டிலின் பின்பக்கம், சாமியார் குளிக்கும் கிணற்றடிப் பக்கமாகப் போனாள்.

இவர்கள் முறை வந்தது. சாமியார் கண்ணை மூடி, நரைத்த தாடி ஆட உடம்பை உலுப்பினார். "கடல் பேய் போன இடத்தில நுரைப் பேய் வந்து குந்தியிரிக்கு. உடுப்புத் தோய்க்கிற சாமானைத் தின்னுது." வேப்பிலை மேனுகாவின் வாயைத் தடவியது. பொத்தென்று ஒரு சவுக்காரத் துண்டு விழுந்தது. சனம் கன்னத்துக்குக் கையைத் தூக்கியது.

அன்னப்பூரணி துண்டைக் கையில் எடுத்தாள். ஈரம் காயவில்லை. அதில் நரைத்த தாடி மயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

"சாமி, எண்ட புள்ள சவுக்காரத்தை நக்கியும் பார்க்கயில்ல. மாமியிட்டப் பொய் சொன்னன். நான் சொன்ன பொய் எப்படிச் சாமி இவள்ற தொண்டையால வந்து விழும்?"

"பேய் களவாத் தின்னும் புள்ள."

"அப்ப பேய்க்கு நரைச்ச தாடியும் இரிக்கோ?"

எல்லோரும் சாமியாரின் தாடியைப் பார்த்தார்கள். சட்டி ஓடு கடிக்கும் கர்ப்பிணி எட்டி வேப்பிலைக் கட்டைப் பறித்து உதறினாள். அடுத்தடுத்த ஆட்களுக்காக முடிந்து வைத்த மண்ணும் அரிசியும் கொட்டின. சாமியாருக்குத் தியான நேரம் வந்துவிட்டது. பின்பக்கத்தால் வாவிக்கு ஓடினார். தோணியில் சீதேவிப்பிள்ளை முந்தியே ஏறியிருந்தாள்.

மேனுகா வாய்விட்டுச் சிரித்தாள். அலைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அதற்காகச் சோறு இறங்கிவிடவில்லை. மறுநாள் கஞ்சியில் முதல் கரண்டியை விழுங்கினாள், அடுத்ததைத் துப்பினாள். விழுங்கிய அந்த ஒரு கரண்டிக்காக அன்னப்பூரணி குந்தியிருந்து அழுதாள். அந்த நேரம் பார்த்து அரிசி மெல்லும் குமரின் தாய் வந்து நின்றாள்.

"வவுணதீவில ஒரு சாமி வந்திருக்கிறாராம் கா. இவர் உண்மையான ஆளாம். போவமா?"

அன்னப்பூரணி கண்ணைத் துடைத்துவிட்டுக் கரண்டியை மறுபடி நிரப்பினாள்.

"போங்க மச்சி. போய் முதல்ல ஒரு பொய்யைச் சொல்லிப் பாருங்க. அந்தப் பொய்க்கும் அவர் பேய் ஓட்டினா, எழும்பி நேரா டொக்டரிட்ட வாங்க."