முகஸ்துதி சுவாமி

சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் முகதரிசன சுவாமி எழுந்தருளியிருந்தார். முகத்தைப் பார்த்தே முக்காலமும் சொல்வாராம். வரிசை படி இறங்கிப் பூக்கடையையும் தாண்டி நின்றது. பொங்கோலிலிருந்தும் தெம்பனிஸிலிருந்தும் லீவு போட்டு வந்திருந்தார்கள். டாக்டரிடம் பத்து நிமிடம் காத்திருக்க முடியாதவர்கள் இங்கே மணிக்கணக்கில் சிரித்த முகமாக நின்றார்கள்.

புக்கிட் மேரா கமலாம்பிகையும் அதில் ஒருத்தி. இரண்டு கண்ணிலும் புரை. பஸ் நம்பர்கூடத் தெரியாது. திங்கட்கிழமை ஆபரேஷன். ஆனால் போன வாரம் சுவாமி, "அம்மன் குடியிருக்கிற கண்ணும்மா. இதுல கத்தி படலாமா?" என்று கேட்டுவிட்டார். அவள் மனசு தங்கம், அதன் அருமை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார். குழம்பில் உப்பு கூடினால் மட்டும் வாய் திறக்கிற வீடு அது. அவள் உருகிப்போனாள். ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு, சுவாமியின் மூலிகை மையைக் கண்ணில் போட்டுக்கொள்ள வந்துவிட்டாள்.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ரஞ்சிதம், பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து வந்த அருள்வாக்கையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டாள். முறை வந்ததும் முந்திக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். தனக்கும் முகம் பார்க்கத் தெரியும் என்றாள்.

"உங்க மனசு தங்கம் சுவாமி. எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்றீங்க. ஆனா உங்க அருமை கூட இருக்கிறவங்களுக்கே தெரியல."

சுவாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "உண்மைதாம்மா. எப்படி இவ்வளவு சரியா சொல்றீங்க?"

ஊரார் தலையிலெல்லாம் ஐஸ் வைத்தவருக்கு, தன் தலையில் குளிர்ந்தது தன் கடைச் சரக்குதான் என்பது உறைக்கவில்லை.

வரிசையில் நிற்பவர்களில், முன்பே வந்து இதே வாக்கைக் கேட்டவர்களைக் கை தூக்கச் சொன்னாள் ரஞ்சிதம். முதலில் ஒரு கை. பிறகு படி முழுக்கக் கை. கமலாம்பிகையின் கை கடைசியாக எழுந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

"இது ஞானதிருஷ்டி இல்லக்கா, முகஸ்துதி லா," என்றாள் ரஞ்சிதம். "பாராட்டுன்னா நீங்க செஞ்சதச் சொல்லணும். இவரு நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்கவே இல்ல."

சுவாமிக்குத் திடீரென்று தியான வேளை வந்துவிட்டது. கமலாம்பிகை மை டப்பாவை அவர் மடியில் போட்டாள். படியில் நின்றபடியே ரஞ்சிதத்தை ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லி, அதே திங்கட்கிழமையைத் திரும்பக் கேட்டாள்.

புகழைக் கேட்டால் தலை தானாக ஆடும். ஆட்டுங்கள், ஐயா, தாராளமாக ஆட்டுங்கள். உள்ளே மூளை என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆட்டுங்கள்.